சாம்பல் பெஞ்சு

அந்தக் கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையைச் சாம்பல் நிறத்தில் முக்கி எடுத்த மகானுபாவரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. சுவர் சாம்பல், தரை சாம்பல், திரை சாம்பல், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுகளின் உறையும் சாம்பல். சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். உறைகளை வெட்டித் தைத்தவள் என் அக்கா. அவளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன், கோபத்தில் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பட்டறையில் அவளுக்குக் 'கத்தரி' என்று பெயர். கையில் இருப்பதற்காக வைத்தார்களா, வாயில் இருப்பதற்காக வைத்தார்களா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் பத்து வருடம் பெண்களுக்கு உடை தைத்தாள். பிறகு பதினாறு வருடம் சோபா உறையும் ஜன்னல் திரையும். இரண்டும் ஒரே வேலைதான் என்பாள். குள்ளமான பெண்ணுக்கு நெடுக்குக் கோட்டுத் துணி எடுத்துக் கொடுத்தது போலவே, கூரை தாழ்ந்த அறைக்கும் நெடுக்குக் கோட்டுத் திரையைக் கூரையை ஒட்டி மாட்டச் சொல்வாள். மாட்டிப் பார்த்தால் அறை ஒரு முழம் வளர்ந்திருக்கும். தீப்பெட்டி மாதிரி ஓர் அறைக்குத் தட்டு அளவு பூப்போட்ட சோபா உறை கேட்டு ஒருவர் வந்தார். "பூ உக்காந்துக்கும், நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டுவிட்டாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போன மனிதர், மறுவாரம் சின்னக் கட்டம் போட்ட துணியோடு திரும்பி வந்தார்.

போன வருடம் அவள் வேலை தடுமாற ஆரம்பித்தது. கட்டம் போட்ட இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் திரை தைக்கும்போது, இந்தப் பக்கத்துக் கட்டமும் அந்தப் பக்கத்துக் கட்டமும் தையலில் சரியாகச் சந்திக்க வேண்டும். ஒரு வீட்டுத் திரையில் அவை இரண்டு விரல் தள்ளி நின்றன. ஆலையிலேயே அச்சு பிசகிவிட்டது என்று அக்கா சாதித்தாள். நான் நம்பினேன், முதலாளி நம்பவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் துணி வெட்டும் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அத்தான் இறந்த பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்த மேசைதான். அதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. தெரிந்தேதான் எல்லோரிடமும் மறைத்தாள். வேறு வேலையாக இருப்பது போலப் பாவனை செய்துகொண்டு ஊசியை என்னிடம் நீட்டுவாள், நூல் கோத்துக் கொடுப்பேன். கூடப் பிறந்தவனுக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? மரமண்டை நான்.

பெஞ்சுகளுக்கு உறை மாட்டிய அன்று அக்கா அந்த அறையின் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அறையைச் சாம்பலாக்கிய அந்த உள்ளலங்கார நிபுணரிடம் போனாள். பெஞ்சின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு அடர்நீலப் பட்டை வைத்துத் தைத்துவிடலாம், படிகளிலும் ஒட்டிவிடலாம் என்றாள். வருகிறவர்கள் கண் சரியில்லாதவர்கள், தரை எங்கே முடிகிறது, பெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டாள். அவர் சிரித்தார். நிறத்தின் ஒருமைதான் இந்த அறைக்கு உயிர், நீலக் கோடு போட்டால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நிற்கும் என்றார். அட, அதற்குத்தானே கேட்கிறாள்! ஒருமை, சமநிலை, தாளம் என்று அவர் அடுக்கிய அத்தனையும் அக்கா இருபத்தாறு வருடமாகக் கையால் செய்வதுதான். எதிர்நிறம் என்றும் ஒரு பாடம் இருந்திருக்கும், அன்றைக்கு ஐயா வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டார் போல.

"எனக்கு நல்லாத் தெரியுதே. உங்களுக்குத் தெரியலையா?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

முதலாளி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.  தெரிகிறது என்றாள் அக்கா. நிபுணர் விடவில்லை. தச்சரைக் கேட்டார், மின்வேலைக்காரரைக் கேட்டார், என்னையும் கேட்டார். அன்று காலை பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அதே பெஞ்சில் முட்டி என் முழங்காலில் தோல் பெயர்ந்திருந்தது. ஆனாலும் எதற்கு வீண் வம்பு என்று, நன்றாகத் தெரிகிறது சார் என்று தலையை ஆட்டினேன்.

மருத்துவமனை திறந்த இரண்டாம் நாளே ஒருவர் விழுந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்த ஒரு பள்ளி ஆசிரியை, பெஞ்சு இருப்பதாக நினைத்து ஒரு சாண் முன்னாலேயே உட்கார்ந்தார். அங்கே வெறும் தரை. கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அன்று மதியமே பெரிய டாக்டர் எங்கள் எல்லோரையும் வரச்சொன்னார். நிபுணர் கொஞ்சமும் கூசாமல், உறை தொளதொளவென்று இருக்கிறது, அதுதான் வழுக்கிவிட்டது, வெட்டு சரியில்லை என்றார். இந்தம்மா வேலை கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்று எங்கள் முதலாளி ஒத்து ஊதினார். அந்த ஆசிரியை பெஞ்சைத் தொடக்கூட இல்லை, தொடாத உறை எப்படி ஐயா வழுக்கும்? இதை அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டேனா? இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பெஞ்சைத் தடவிக்கொண்டே போய் உறையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினாள். அது இம்மியும் நகரவில்லை.

"உறை வழுக்கல டாக்டர். அவங்களுக்கு பெஞ்சே தெரியல. எனக்கும் தெரியல. இந்த சார் கேட்ட அன்னைக்கே தெரியல. சொன்னா என் வேலை போயிடும்னு பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் அவளை அங்கேயே உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். முற்றிய புரை, அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்றார். எல்லா பெஞ்சுக்கும் படிக்கும் நீலப் பட்டை வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அந்தப் பட்டையை வெட்டியது அக்கா இல்லை. மறுநாளே முதலாளி மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இவளைத் திரைக்குக் கொக்கி தைக்க உட்காரவைத்தார். கண் சரியானால் மேசை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். நிபுணரோ அறையைப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். நீலக் கோடு அவருடைய துணிச்சலான யோசனையாம்.

அந்தப் பத்திரிகையைப் பார்த்த அன்று, வீட்டுக்குப் போகும் பேருந்தில் நான் கத்தித் தீர்த்தேன். நிபுணரைத் திட்டினேன், முதலாளியைத் திட்டினேன், இவர்களைச் சும்மா விடக்கூடாது என்று பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குதித்தேன்.  நான் ஓய்ந்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு உனக்கு அந்த பெஞ்சு தெரிஞ்சுதாடா?"

இல்லை என்றேன். முழங்காலில் அடிபட்டதையும் சொன்னேன்.

"நான் தெரியலைன்னு சொன்னா மேசை போயிடும். நீ பெயிண்ட் அடிக்கிறவன். நீ சொல்லியிருந்தா உனக்கு என்னடா போயிருக்கும்?"

எங்கள் நிறுத்தம் வந்தது. அவள் எனக்கு முன்னால் இறங்கினாள், படியைக் காலால் துழாவிக்கொண்டே. நான் கையை நீட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.