யூமெய் வீட்டுக் கத்திச் சத்தம்

தாதோங் நிலக்கரிச் சுரங்கத்துக் கேன்டீனில் முப்பத்தொரு வருடம் உருளைக்கிழங்கு நறுக்கியவள் யூமெய். நூல் போலச் சீவித் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, காய்ந்த மிளகாயோடு கொதிக்கும் எண்ணெயில் போட்டு, வாணலி ஓரமாக வினிகரைச் சுற்றி ஊற்றி இறக்கினால் புளிப்பும் நறுக்கென்ற கடியுமாக இருக்கும். ஆறினால் துவண்டுவிடும். அறுநூறு பேர் வரிசையில் அது எப்போதும் துவண்டுதான் போனது. சரியான பதத்தில் தின்றவர் அவள் கணவர் ஒருவர்தான். சாப்பிடும் குச்சிகளைக் கையில் பிடித்தபடி அடுப்படியிலேயே காத்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது.

ஒரே மகள் வென்ஜிங். கல்யாணமான நாள் முதல் வருடப்பிறப்புக்கு முந்தின நாள் விருந்து மாமியார் வீட்டில்தான். இந்த வருடம் மாப்பிள்ளையே மனது வைத்து, அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார். யூமெய் அதை நான்கு மாடிக்கும் சொல்லித் தீர்த்துவிட்டாள். விருந்தன்று காலை மகளிடமிருந்து போன் வந்தது. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடியாம், வர முடியாதாம். அதனாலென்ன, எனக்கே இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி யூமெய் போனை வைத்தாள். என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் சுவர்கள் அப்பளம் மாதிரி. அன்று மதியம் எல்லா வீட்டிலும் கொழுக்கட்டைக்குள் வைக்கக் கறி கொத்துவார்கள். எந்த அடுப்படி சத்தமில்லாமல் கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். பாவம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய பயம். தனி ஆளுக்குக் கறி எதற்கு? மூட்டையில் கிழங்கு இருந்தது. இரண்டு மணிக்குக் கத்தியை எடுத்தவள் பொழுது சாயும்வரை வைக்கவில்லை. சத்தம் போதாதென்று வெறும் பலகையையும் கொத்தினாள். வீட்டிலிருந்த மூன்று வாளியும் நிறைந்தன. சாப்பிட்டது நூடுல்ஸ். மானம் காப்பாற்றப்பட்டது, மனசுதான் காய்ந்தது.

மறுநாள் காலை கீழ்வீட்டுக் கெங் அக்கா வாழ்த்துச் சொல்ல வந்தாள்.

"மக எங்கே, இன்னும் தூங்குறாளா?"

"விடியறதுக்குள்ள கிளம்பிட்டாங்க அக்கா. மாப்பிள்ளைக்கு வேலை."

"போகட்டும், வந்தாளே, அதுவே போதும். மத்தியானம் வரை மக வந்த அரவமே இல்லையேன்னு நேத்து உனக்கும் சேர்த்துக் கிண்ணம் வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் கூப்பிடத்தான் படியேறி வந்தார். கத்திச் சத்தம் கேட்டதும், ஆளு வந்திருக்கு போலன்னு திரும்பிட்டார்."

யூமெய் சிரித்துச் சமாளித்தாள். கெங் அக்கா எதிர்வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு யூமெய் அடுப்படியில் நின்றாள். வருடத்தின் முதல் நாள் கத்தியைத் தொடக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை, வாளி வாளியாக நறுக்கியது தண்ணீரில் கிடந்தது. இரண்டு கை அள்ளி வாணலியில் போட்டு, வினிகரை ஊற்றிப் புரட்டி இறக்கினாள். ஒரு வாய் போட்டதும் நறுக்கென்றது, அப்படியொரு பதம். இன்னும் ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். படியேறி வந்த மனிதரைத் தன் கையாலேயே கொத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

தட்டோடு போய்க் கதவைத் திறந்தாள். கெங் அக்கா அதற்குள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, யாரும் வரல. நேத்து நான் தனியாத்தான் இருந்தேன்" என்று படிக்கட்டில் குனிந்து கத்தினாள்.

நான்கு மாடிக்கும் கேட்டது.