வாரம் முழுவதற்கும் ஒரே மூச்சில் டிக்

டெப்போவில் அவரை எல்லோரும் ‘டைம்டேபிள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் வண்டியை எடுக்கும் முன்பே டிரிப் ஷீட்டில் அன்றைய எட்டு நடைக்கும் போய்ச்சேரும் நேரத்தை வரிசையாக எழுதி, கையெழுத்தும் போட்டுவிடுவார். முறைப்படி பார்த்தால் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத வேண்டும். கேட்டால், “எழுதிட்டோம்ல, இனி வந்துதானே ஆகணும்” என்பார். அடாவடிதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மழையோ நெரிசலோ, எழுதிய நேரத்துக்கு வண்டி போய் நிற்கும்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் டெப்போ டாக்டரம்மா ஒரு நாள் உட்கார வைத்து, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரை என்று காட்டினார். “அடுத்த டெஸ்ட்ல எட்டுக்குக் கீழ வரணும். வரலைன்னா ஸ்டியரிங் கிடையாது. விசாரணை கவுன்ட்டர்ல போட்டுடுவாங்க.”

விசாரணை கவுன்ட்டர்! அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் ஓட்டும் வண்டி எப்போது வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதா? 

விஷயம் வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போனது. அவள் அன்றைக்கே ஊருக்கு வந்து, அம்மாவின் போனில் ஒன்று, அப்பாவின் போனில் ஒன்று என்று செயலியை ஏற்றிவிட்டாள். அது பெரிய கெட்டிக்காரச் செயலி. வயது, எடை, வேலை, பிடித்தது, பிடிக்காதது எல்லாம் கேட்டுக்கொண்டு, ஏழு நாளைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டை அளந்து போடும். அதற்கான காய்கறி, முட்டை, பாலை அதுவே கடையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும். சாப்பிட்டதும் ஒரு டிக் போட வேண்டும். விரலைக் குத்திப் பார்க்கும் கருவியையும் மகள் அதனோடு இணைத்துவிட்டாள். வாரம் ஒருமுறை சர்க்கரை அளவு தானாகவே போய்விடும்.

“அம்மா, உனக்குத் தனி பிளான் போடட்டுமா?”

“எனக்கென்னடி தனியா? அவர் முன்னாடி உக்காந்து நான் வேற தின்னா அவருக்குத் தொண்டைல இறங்குமா? அவருக்கு என்ன போடுதோ, அதையே எனக்கும் போடச் சொல்லு.”

அம்மாவுக்கு நூலகத்தில் வேலை. நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கி, தலையணை கனத்தில் இருக்கும் புத்தகங்களை அடுக்கும் வேலை. சொன்னால் சொன்னதுதான். அன்று முதல் இரண்டு தட்டிலும் ஒரே சாப்பாடு.

முதல் வாரம் டைம்டேபிள் ஒழுங்காகத்தான் இருந்தார். இரண்டாவது திங்கட்கிழமை, வண்டியைச் சூடேற்றிக்கொண்டே போனை எடுத்தார். பார்த்தால் இருபத்தொரு வெற்றுக் கட்டம். கட்டத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா? வாரம் முழுவதற்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிட்டார். போட்டாயிற்று, இனி சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்!

வண்டி அவர் சொன்னதைக் கேட்கும். நாக்கு கேட்குமா? மத்தியானம் வேகவைத்த முட்டைக்கோஸ் டப்பாவைத் திறந்தார். பக்கத்தில் கண்டக்டர் பொரித்த உருளைக்கிழங்கைப் பிரித்தார். அந்த வாசனைக்கு முன்னால் எவன் நிற்பான்?

“அண்ணே, ஒரு நாள் மாத்திக்கலாமா?” என்று கேட்டது கண்டக்டர்தான். ஒரு நாள் என்றது வழக்கமானது. சாயங்காலம் கேன்டீனில் சர்க்கரை தூக்கலாக டீ, கூடவே க்ரீம் பன். இரண்டே மாதத்தில் கண்டக்டர் தொப்பை கரைந்து, மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

செயலி பாவம், அதற்கு இந்தத் திருட்டுத்தனம் எப்படித் தெரியும்? இவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை என்கிறது டிக். சர்க்கரை இறங்கவில்லை என்கிறது கருவி. அப்படியானால் சாப்பாடுதான் அதிகம் என்று அது முடிவுகட்டியது. வாரத்துக்கு வாரம் அளவைக் குறைத்தது. மூன்று ரொட்டித் துண்டு இரண்டானது, இரண்டு ஒன்றரையானது. இரவுக்கு ஒரு கிண்ணம் சூப்போடு கதை முடிந்தது. சாமான் கொண்டுவரும் பெண், பையை ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு, “ஏக்கா, வீட்ல முயல் வளக்குறீங்களா?” என்று கேட்டாள்.

“சிரிக்காத. அவரு எப்படிக் கட்டுப்பாடா இருக்காரு தெரியுமா? நூத்துக்கு நூறாம். பொண்ணு போன் பண்ணிச் சொன்னா” என்றாள் மனைவி. அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மோதிரம் கழன்று விழுகிறதென்று நூல் சுற்றியிருந்தாள். டைம்டேபிள் அதையும் பார்த்தார். அவள் இளைத்துவிட்டாள், உடம்புக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். அட மனுஷா!

பரிசோதனை நாள் வந்தது. ஒன்பது புள்ளி எட்டு. “முன்னைவிட ஏறியிருக்கு. நாளைல இருந்து கவுன்ட்டர்” என்று டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

வாசலில் காத்திருந்த மனைவி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். “இருங்க டாக்டர், எழுதாதீங்க. உங்க மெஷின்தான் தப்பு.” அவர் போட்ட டிக் வரிசையைப் போனில் திறந்து மேசையில் வைத்தாள். “தொண்ணூறு நாள். ஒரு வேளை தப்பலை. அவரு சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன். ஒரு பருக்கை அதிகமா இல்லை. என்னைப் பாருங்க. பதினோரு கிலோ போயிருச்சு. நூலகத்துல ஏணி ஏறினா கண்ணு இருட்டுது. இதையே சாப்பிட்ட மனுஷனுக்கு மட்டும் எப்படி டாக்டர் ஏறும்?”

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். போனையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது. சாம்பிள் மாறியிருக்கலாம். வெளியில வேற லேபுக்கு அனுப்பலாம். ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் வண்டி ஓட்டட்டும்.”

டைம்டேபிள் மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயைத் திறக்க வேண்டாம். இப்படியே எழுந்து போனால் போதும், ஸ்டியரிங் கையில் இருக்கும். இரண்டு வாரத்தில் என்னவெல்லாம் செய்யலாம்! ‘பாத்தீங்களா’ என்பதுபோல மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதே மூச்சில் அவள் கை மேசை விளிம்பைத் தேடியது. பிடி கிடைக்காமல் அப்படியே சரிந்தாள். அவர் பாய்ந்து பிடித்தார். கையில் கனமே இல்லை.

“டாக்டர், மெஷின் சரிதான்” என்றார். “நான் அதைச் சாப்பிடவே இல்லை. டிக் மட்டும் போட்டேன். இவதான் சாப்பிட்டா.”

டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, உடனே வயிற்றுக்கு ஏதாவது கொடுக்கச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தார்.

கேன்டீனுக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் அவளை உட்கார வைத்து, நான்கு வேகவைத்த முட்டையும் பெரிய டம்ளரில் பாலும் வாங்கிவந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

“ரெண்டு வார்த்தை திட்டிடும்மா. இப்படிப் பேசாம இருக்காத.”

“திட்டத் தெம்பு வேணும். சாப்பிட்டுக்கிறேன்.”

நான்கு முட்டையும் போயிற்று. பாலும் போயிற்று. அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்து தயாராக உட்கார்ந்திருந்தார்.

“ராத்திரி பசியில எனக்குத் தூக்கமே வராதுங்க” என்றாள், சத்தமே இல்லாமல். “நீங்க பக்கத்துல குறட்டை விட்டுத் தூங்குவீங்க. இவ்வளவு பசியிலயும் இந்த மனுஷன் எப்படித் தூங்குறாரு, என்ன வைராக்கியம்னு நினைச்சுக்குவேன். உங்களைப் பாத்துத்தான் நானும் தாங்கினேன்.”

இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.