நியாயம் யார் பக்கமோ, டீ அவர் கையால்

மலை சுற்ற வந்த பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்றிருந்த காலையில்தான் செய்தி வந்தது. "ரூத் அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள் அலுவலகத் தோழி. நான் நம்பவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை வேங்கிக்கால் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேலதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன்.

அன்று மாலை அடக்கத்தில் ஆளாளுக்கு அவரைப் 'பொறுமைசாலி' என்றார்கள். அவரோடு வேலை பார்த்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள், அக்காவா பொறுமைசாலி? கணவர் சாமுவேல் அண்ணனோடு அவர் போட்ட சண்டைகள் நமக்கெல்லாம் தெரியும். மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதற்கும் சண்டை. ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. நியாயம் யார் பக்கமோ அவர்தான் முதலில் டீ போட்டு மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் இருவருமே நியாயம் தன் பக்கம்தான் என்று அடுப்படியில் முட்டிக்கொண்டதில், பார்க்கப் போயிருந்த எனக்கு இரண்டு டம்ளர் டீ கிடைத்தது.

"எதுக்குக்கா இந்தச் சட்டம்?" என்று கேட்டேன்.

"பொழுது சாய்ஞ்சா ரெண்டு பேரும் ஜெபம் பண்ணணுமில்ல? கோவத்தோட கண்ண மூடினா ஆண்டவர் எங்க தெரியறாரு, இந்த மனுஷன் மூஞ்சிதான் தெரியுது. கோவம் போகாம நான் ஜெபத்துல உட்காரவே மாட்டேன்."

நான் என் கணவரோடு பேசாமல் இருந்த நாட்களில் அக்கா விடவில்லை. "நியாயம் உன் பக்கம்தானே? அப்போ தெம்பும் உனக்குத்தான் ஜாஸ்தி. நீயே போய்ப் பேசு."

"அவரு கை நீட்டியிருந்தா?"

"அப்போ டீ கிடையாது. நேரா போலீஸ் ஸ்டேஷன். நானே கூட வர்றேன்."

நியாயம் இருந்தும் முதலில் போய்ப் பேசுவதைக் கோழைத்தனம் என்பவர்கள் என்னிடம் வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அண்ணன் தண்ணீர்கூடத் தொடவில்லை. "நேத்து எங்களுக்குள்ள சண்டைம்மா. டீ போட்டு வச்சா. நான் வீம்புக்குக் குடிக்கல. ஜெபத்துக்கும் போகல. கோவத்தோடவே போயிட்டா."

உறவுக்காரர் ஒருவர், "ஆமா, சமாதானம் ஆகாமலே போயிட்டாங்க, பாவம்" என்று ஒத்து ஊதினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாவு வீடு என்றும் பார்க்காமல் சத்தமாகவே கேட்டேன்.

"அண்ணா, நேத்து அக்கா ஜெபம் பண்ணாங்களா, இல்லையா?"

"பண்ணா. தனியா உட்காந்து பண்ணா. எனக்குக் கேட்டுச்சு."

"இத்தன வருஷத்துல, கோவத்தோட அவங்க ஜெபத்துல உட்காந்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டு அழுதார். "ஜெபத்துல என் பேரத்தாம்மா மொதல்ல சொன்னா."

நான் அடுப்படிக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். இந்த முறை அவர் குடித்தார்.

அக்காவைச் சாவு கொண்டுபோய்விட்டது, சரி. அந்தக் கடைசிச் சண்டையிலும் அதுதான் ஜெயித்தது என்று எவரும் சொல்ல வேண்டாம். சொல்ல விடமாட்டேன்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அந்தச் சட்டம். இன்று காலை எங்கள் வீட்டில் சண்டை. நியாயம் என் பக்கம்தான். அடுப்பில் பால் வைத்துவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.