திருவொற்றியூரின் சிவப்புச் சட்னி

காய்ச்சல் விட்ட பிறகும் என் மனைவிக்கு மணமும் சுவையும் திரும்பவில்லை. முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாலை மணலி எண்ணெய் ஆலைகளின் பக்கத்திலிருந்து காற்று திரும்பி, அழுகிய முட்டையின் நாற்றம் வீட்டுக்குள் புகுந்தபோது நான் எழுந்து சன்னல்களைச் சாத்தினேன். இந்தப் புழுக்கத்தில் ஏன் சாத்துகிறேன் என்று அவள் கேட்டாள். இராயபுரத்தில் பிறந்தவள் அவள். காசிமேட்டில் அன்று என்ன மீன் இறங்கியிருக்கிறது என்பதைத் தெருமுனையில் நின்றே முகர்ந்து சொல்வாள். அன்றுதான் எனக்கு அச்சம் உண்டாயிற்று.

நரம்பு தானாகத் தேற வேண்டும், மருந்தென்று ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். சோறு மண்ணைப் போலவும் மீன் நனைந்த பஞ்சைப் போலவும் இருப்பதாகச் சொல்லி, அவள் தட்டை நகர்த்தி வைக்கத் தொடங்கினாள். திருமண மோதிரம் விரலில் நிற்காமல் நழுவியது. உட்புறத்தில் நூலைச் சுற்றி அணிந்துகொண்டாள். நூலின் சுற்று வாரத்துக்கு வாரம் கூடியது. நான் பார்க்காதவன் போல இருந்தேன்.

பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்: "காரம் மட்டும் லேசா தெரியுதுங்க. நல்லா சுருக்குனு ஏறுற மாதிரி எதுனா கெடச்சா, அத்த வச்சி ரெண்டு இட்லி துன்னுடுவேன்."

ஆகவே நான் காரம் தேடிப் புறப்பட்டேன். மிளகு ரசத்துக்கே கண் கலங்குகிற ஒருவன் செய்யத்தக்க வேலையன்று அது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலருகே உள்ள சாப்பாட்டுக் கடையில் கருவாட்டுத் தொக்கு எல்லாராலும் புகழப்படுவது, அதை வாங்கினேன். இராயபுரத்தில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டியில், எண்ணெயில் கருக வறுத்த மிளகாய்த் தூளைக் கேட்டு வாங்கினேன். திருவொற்றியூரில் சுமைதூக்குவோர் நின்றபடி உண்ணும் இட்லிக் கடையொன்றில் சிவப்புச் சட்னியைப் பொட்டலமாகக் கட்டித் தந்தார்கள். ஒவ்வொரு முறையும் வழியிலேயே விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் எனக்குத் தீயாகவே இருந்தது. நம்பிக்கையோடு வீடு வந்தேன்.

"பரவால்லங்க" என்பாள். பிடிக்காத ஒன்றை நான் வாங்கி வரும்போதெல்லாம் அவள் சொல்லும் சொல் அது. அரை இட்லியோடு எழுந்துவிடுவாள்.

கேட்ட இடத்திலெல்லாம் நான் உண்மையைச் சொல்லியிருந்தேன்: மனைவிக்கு உடல்நலமில்லை, நாக்கில் சுவையில்லை, நல்ல காரமாக வேண்டும். காரணம் தெரிந்தால் கூடுதலாக அக்கறை கொள்வார்கள் என்று எண்ணினேன். அக்கறை கொள்ளவும் செய்தார்கள். காசிமேட்டுக் கடைக்காரர் கேளாமலே ஓர் அவித்த முட்டையைப் பொட்டலத்தோடு வைத்தார்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் திருவொற்றியூர்க் கடையில் கூட்டம் மிகுதியாக இருந்ததால் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றேன். கடைக்கார அம்மாள் சுமைதூக்குவோருக்குப் பலகையின் கீழிருந்த குண்டானிலிருந்து கருஞ்சிவப்பான சட்னியை ஊற்றினார். என் முறை வந்ததும் அதே சட்னியைக் கிண்ணத்தில் எடுத்து, அதில் இரண்டு கரண்டி தேங்காய்ச் சட்னியைக் கலந்து கட்டத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன்.

"இன்னா சார் நீ, ஒடம்பு முடியாத பொம்பளைக்கு அத்த அப்டியே குடுப்பாங்களா? வயிறு வெந்துபூடும். நீ சொன்ன நாள்லேர்ந்து இப்டித்தான் கட்டுறேன்."

கலக்காமல் கொடுக்கும்படி வேண்டினேன். அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அருகில் உண்டுகொண்டிருந்தவர் வாயில் இட்லியோடு, "சாரு ஒரு முடிவோடதான் வந்துகீறாரு போல, வூட்ல அக்காவ உசாரா இருக்க சொல்லு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

மற்ற இரண்டு இடங்களிலும் கேட்டுப் பார்த்தேன். தொக்கில் வெல்லம் கரைக்கப்பட்டிருந்தது; மிளகாய்த் தூளில் பொட்டுக்கடலை மாவு கலந்திருந்தது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே மூவரும் என் மனைவியைக் காரத்திலிருந்து காப்பாற்றி வந்திருந்தார்கள். யாரிடம் நான் சினம்கொள்வது?

மறுநாள் காலை அவளை ஆட்டோவில் ஏற்றித் திருவொற்றியூருக்கு அழைத்துச் சென்றேன். கடைக்கார அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நூல் சுற்றிய மோதிரத்தையும் பார்த்தார்.

"எனக்கு இன்னா துன்னாலும் மண்ணுதான்க்கா. நீ பாவம் பாத்துகினே இருந்தா நான் பட்னிதான்" என்றாள் என் மனைவி.

அம்மாள் குனிந்து குண்டானை எடுத்தார்.

முதல் வாயிலேயே அவளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. "எரியுதுங்க" என்றாள். நெடுநாள் எதிர்பார்த்த ஒருவர் வந்து சேர்ந்ததை அறிவிப்பவள் போலச் சொன்னாள். ஓர் இட்லி முழுதும் போயிற்று. இரண்டாவதைப் பிட்டவள் திடீரென்று கையை நிறுத்தி, சட்னியை விரலால் கிளறிப் பார்த்தாள்.

"பூண்டு போட்டுகீறாங்களா? வதக்கிப் போட்டதா, பச்சையா? நீங்க துன்னு பாத்து சொல்லுங்க."

அவள் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, தாராளமாகத் தோய்த்து வாயிலிட்டேன். காது வரை பற்றிக்கொண்டது. அந்த நெருப்புக்குள் பூண்டைத் தேடினேன், புளியைத் தேடினேன், உப்பையாவது தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அவள் கன்னத்து ஈரத்தைத் துடைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் எரிச்சல்தான் தெரியுது" என்றேன்.

அவள் தலையசைத்தாள். அம்மாள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னோர் இட்லி வாங்கி வரச் சொன்னாள்.