அரக்கனுக்காக வளர்த்த முடி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாத முற்பகலில் அவனியாபுரத்தில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். அவருடைய மூத்த மகன் லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டு சினிமாவில் நடிக்கப் போனவர். மூன்று பாகங்களாக எடுக்கப்பட்ட ஒரு மாயாஜாலப் போர்ப் படத்தில் அவருக்கு அசுரர் படைத் தளபதி வேடம்.

அதற்காக அவர் பட்ட பாட்டைத் தினமும் பார்த்திருக்கிறேன். பழைய பட்டறையில் செய்து வாங்கிய இரும்புக் கதாயுதத்தைத் தோளில் சுமந்தபடி விடியலில் கண்மாய்க் கரையில் நடப்பார். "என்னப்பா அரக்கா, இன்னைக்கு யாரை வதம் பண்ணப் போற?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். சிரிக்க மாட்டார். அந்தத் தளபதி சிரிக்காதவனாம். இரண்டு ஆண்டுகளாக வளர்த்த முடி தோளைத் தாண்டியிருந்தது. தாடி நெஞ்சில் கிடந்தது.

தகப்பனுக்குத் தலைமகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அதற்கு முன் தலையையும் தாடி மீசையையும் மழித்தாக வேண்டும். அடுத்த வாரமோ கடைசிக்கட்டப் படப்பிடிப்பு. சுடுகாட்டில் ஓரமாகப் போய்ப் படக்குழுவுக்குப் போன் செய்துவிட்டு என்னிடம் வந்தார்.

"விக்கு வச்சா க்ளோசப்புல தெரிஞ்சிருமாம்ணே. மொட்டையோட வந்தா வேற ஆளப் போட்டுருவாகளாம். பேப்பர்ல இருக்கீக, நாலும் தெரிஞ்சவுக. நீங்களே சொல்லுங்க, என்ன செய்ய?"

நான் யோசிக்கவில்லை. "சடங்கைத் தம்பி செய்யட்டும். இந்த வேடம் மறுபடி கிடைக்காது" என்றேன்.

அவர் சவரத் தொழிலாளியைப் பார்த்து வேண்டாமென்று தலையசைக்க, அவரும் பிரித்த கத்தியை மடக்கினார். "முடி எடுக்காதவன் கொள்ளிக்குடத்தைத் தொடக் கூடாதுப்பா, தள்ளி நில்லு" என்றார் அவருடைய சித்தப்பா. தம்பி வந்து கத்திக்குத் தலையைக் கொடுத்தபடி சொன்னார்: "நீ அரக்கனாவே இருண்ணே. அப்பாவுக்கு மகனா நான் ஒருத்தன் இருந்துக்கிறேன்."

முடியைத் துண்டால் சுற்றிக்கொண்டு, தகரக் கொட்டகைத் தூண் பக்கத்திலேயே அவர் கடைசிவரை நின்றார்.

மறு ஆண்டு படம் வந்தது. ஆரப்பாளையம் பக்கம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு என்னை அழைத்துப் போனார். தம்பி வர மறுத்துவிட்டார். திரையில் தளபதி வந்தபோது கழுத்துக்கு மேலே அவர் இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்த கொம்பு, செதில், நெருப்புக் கண்கள். முடியும் இல்லை, தாடியும் இல்லை. குரல்கூட வேறு யாருடையதோ. இடது முன்கையில் லேத் மிஷின் கிழித்த தழும்பு மட்டும் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டார். "என்னைய அடையாளம் தெரிஞ்சதாண்ணே?"

"கை தெரிஞ்சது" என்றேன்.

மறுநாள் காலையில் சலூனுக்குப் போய் முழுவதும் மழித்துக்கொண்டு, அடுத்த தெருவிலிருக்கும் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார். தம்பி அந்த மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப இது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதுவரை மூத்தவர் என்னைக் குறை சொன்னதில்லை. இரண்டு பேரிடம் விசாரிக்காமல் ஒரு வரிச் செய்திகூட எழுதாத நான், அன்று சுடுகாட்டில் யாரையும் கேட்காமல் சொன்ன அந்த ஒரு யோசனைக்கு மட்டும் திருத்தம் வெளியிட வழியில்லாமல் இருக்கிறேன்.