நான் வாழாத புரூக்ளின்

நோர்வேயில், அம்மருட்டில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கட்டடத்தில் லிஃப்ற் ஏறுவதற்கு ஒரு ஒழுக்கம் இருக்கிறது. உள்ளே யாராவது நின்றால் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. கதவுக்கு மேலே மாறிக்கொண்டு போகும் மாடி எண்களை, வாழ்க்கையில் அன்றுதான் எண்களைக் கண்டவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும் சத்தம் கேட்டால், அவர் இறங்கிப் போகும்வரை தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சப்பாத்தும் போட்டுக்கொண்டு காத்து நிற்பவர்களும் உண்டு. ஊரில் இருந்து வாசிப்பவர்கள் இதைக் கோபம், பகை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பெயர் மரியாதை. றோட்டில் போகிறவரை மறித்து "எங்கை போறியள், ஏன் போறியள்" என்று விசாரிக்காவிட்டால் மனத்தாங்கல் வந்துவிடும் ஊரில் வளர்ந்த எனக்கு, இது பிடிபட நெடுங்காலம் எடுத்தது.

பிடிபடாமல் இருந்த காலத்தில், நான் குடிவந்த புதிதில், லிஃப்றுக்குள் நின்ற உயரமான நோர்வேக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஆங்கிலத்தில், "ஹவ் ஆர் யூ டூயிங்?" என்று கேட்டார். கேட்டுவிட்டாரே என்று நான் சொல்லத் தொடங்கினேன். இடுப்பில் பிடித்திருக்கும் வாயுவைச் சொன்னேன். மனைவி மெற்றில்டாவை இங்கே கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம் இழுபடுவதைச் சொன்னேன். பனிக்கு வாங்கிய சப்பாத்து ஒரு அளவு பெரிதாகிவிட்டதையும் விடவில்லை. லிஃப்ற் எங்கள் மாடிக்கு வந்து, கதவு திறந்து, மூடி, யாரோ கூப்பிட மறுபடியும் கீழே போனது. மனிதர் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அமெரிக்காவில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை என்றும், நோர்வேயில் அந்நியரிடம் அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை என்றும் பிறகுதான் அறிந்தேன். அவருக்கும் எனக்கும் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

அவர் பெயர் ஆர்னெ. தச்சுவேலைக்காரரான அவருடைய தகப்பன், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி நியூயோர்க்குக்குக் கொண்டுபோய், புரூக்ளினில் இறக்கிவிட்டார். ஆர்னெ அங்கே பள்ளிக்கூடம் போய், மீசை முளைக்கும்வரை வளர்ந்தார். பிறகு தகப்பனுக்கு ஊர் நினைவு வந்து எல்லோரையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். மகனுக்கு எது ஊர் என்று அவர் கேட்கவில்லை. நோர்வேயில் ஆர்னெயை எல்லோரும் வாயாடி என்றார்கள். அமெரிக்கா அவரைப் பழுதாக்கிவிட்டது என்று எங்கள் மாடிக் கிழவி ஒருத்தி எனக்கே சொன்னாள். வீட்டிலும் அவருடைய மனைவி, தான் சாகும்வரை, புரூக்ளின் கதைக்குத் தடை போட்டிருந்தார். மகள் மாரிட் சின்ன வயதிலேயே காதைப் பொத்தப் பழகிக்கொண்டாள்.

ஆக, கேட்க ஆள் இல்லாமல் தேங்கிக் கிடந்த ஒரு நகரம் முழுவதும் என் தலையில் இறங்கியது. இறங்கிய இடம் எங்கள் கட்டடத்தின் நிலவறை. எல்லோருக்கும் பொதுவான சலவை அறை அங்கே இருக்கிறது. சுவரில் உள்ள பலகையில் எந்த நேரத்துக்கு நேரே உங்கள் சின்னப் பூட்டைக் கொழுவுகிறீர்களோ அந்த நேரம் உங்களுக்கு. ஆர்னெ தன் சனிக்கிழமைப் பூட்டுக்குப் பக்கத்தில் என் பூட்டைக் கொழுவச் சொன்னார். மெஷின் சுற்றச் சுற்ற அவர் கதைப்பார், நான் கேட்பேன். அவர் கதைத்தது நோர்வேஜிய மொழி, இடைக்கிடை புரூக்ளின் ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் இறங்கியது, அப்படியே எழுதுகிறேன்.

"படகுத்துறையில இருந்து மேலை ஏறி வா. அப்ப அந்தப் பெரிய தொங்குபாலம் கட்டேல்லை, அக்கரைக்கு படகிலதான் போகவேணும். எட்டாம் அவெனியூவுக்கு வந்தா, இடப்பக்கம் பேக்கரி. ஏலக்காய் பணிஸ் வேகிற மணம் பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். அடுத்தது மீன்கடை. அந்தக் கிழவன் மீன் உருண்டை பொரிச்சு, பேப்பரில சுத்தித் தருவான். தெருவில ஒருத்தரும் இங்கிலீஷ் கதையாயினம். அம்மா அமெரிக்காவில அத்தனை வருசம் இருந்தும் இங்கிலீஷ் படிக்கேல்லை, தேவைப்படேல்லை."

இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. நோர்வேஜிய மொழி வகுப்பில் நான் படும் பாட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிய அந்த ஆசிரியையை, ஆர்னெயின் தாயாரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும் போல இருந்தது.

நான் தொழிலால் பஸ் சாரதி. தெருக்கள் என் மண்டையில் தானாக ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்காகச் சனிக்கிழமை தோறும் கேட்டதில் எட்டாம் அவெனியூ எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எந்த மூலையில் காற்று தொப்பியைப் பறிக்கும், எந்தப் படியில் மாரியில் வழுக்கும் என்பது உட்பட. ஒருநாள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில் எனக்கு அடுத்த தெருக்காரர் ஒருவர், பழைய பேக்கரி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். "துறையடியில இருந்து ஏறி வர இடக்கைப் பக்கம், பக்கத்தில மீன்கடை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எந்த ஊர்த் துறை என்று உறைத்தது. மனிதர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஓம் ஓம், அதுதான், அந்த மணம் இப்பவும் மூக்கில நிக்குது" என்றார். நான் கோப்பியைக் குடித்து முடித்தேன்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஆர்னெ கதைத்துக்கொண்டு போகையில் பேக்கரியை வலப்பக்கத்துக்கு மாற்றினார். "இடப்பக்கமல்லோ?" என்றேன். அவர் நின்று, என்னைப் பார்த்து, "நீ சொல்லுறது சரி" என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு ஒருமுறை சாவிக்கொத்தைக் காற்சட்டையோடு தோய்த்தார். இன்னொருமுறை என்னுடைய உடுப்புகளை மடித்துக் கொண்டுபோய்த் தன் அலுமாரியில் அடுக்கிவைத்தார். மெற்றில்டாவின் பாவாடை உட்பட. வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் இருந்து மாரிட் வந்து பார்த்துவிட்டு, ஈஸ்டருக்குப் பிறகு தன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்குத் தகப்பனைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தாள்.

அந்த நேரத்தில்தான் நியூ ஜேர்சியில் இருக்கும் மெற்றில்டாவின் தம்பி அன்ரனின் மகளுக்குக் கலியாணம் வந்தது. நாங்கள் போகப் போவதை அறிந்து ஆர்னெ என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே யாரும் லேசில் மற்றவர் கையைப் பிடிக்கமாட்டார்கள்.

"அங்கை துரொண்ட்ஹெய்மில என்னை ஒருத்தரும் நம்பமாட்டினம், சேவியர். கிழவனுக்கு மறதி, கண்டபடி அலட்டுறான் எண்டுவினம். எங்கட தெருவைப் படம் எடுத்துக்கொண்டு வா. அப்பிடியொரு இடம் இருந்தது எண்டு காட்ட எனக்கு ஒண்டு வேணும்."

கொண்டுவருகிறேன் என்று சொன்னேன்.

கலியாணம் முடிந்த மறுநாள் அன்ரன் எங்களைக் காரில் ஏற்றினான். சுதந்திரதேவி சிலை, உயரமான கட்டடங்கள் என்று அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. "எட்டாம் அவெனியூ, புரூக்ளின்" என்றேன். "அத்தான், அங்கை பாக்க ஒண்டும் இல்லை" என்றான். பிறந்த ஊருக்குப் போகும் மனிதனிடம் இப்படிப் பேசாதே என்று வாய்வரை வந்தது. பிறந்த ஊர் இல்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

இறங்கிப் பார்த்தேன். தெரு இருந்தது, சரிவு இருந்தது, காற்று சொன்ன மூலையில் சொன்னபடி தொப்பியைப் பறித்தது. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாப் பலகையும் சீன எழுத்து. வாசலில் பெட்டி பெட்டியாகக் கீரை. தொட்டியில் தவளை. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது?

"எல்லாத்தையும் மாத்திப் போட்டாங்கள். ஒரு போர்டு வாசிக்க ஏலுமோ? எங்கட ஆக்கள் ஒருத்தர்கூட இல்லை."

"ஆர் எங்கட ஆக்கள்?" என்று கேட்டாள் மெற்றில்டா.

"நோர்வேக்காரர்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. நான் சொன்ன அதே வசனங்களை, என் பஸ்ஸில் முன்னாசனத்தில் வரும் கிழவிகள் அம்மருட்டைப் பற்றித் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதை எத்தனை வருடமாகக் கேட்டு மனதுக்குள் புகைந்திருக்கிறேன். அவர்கள் சொன்னது என்னைப் பற்றி. வெட்கமாக இருந்தது. ஆனாலும் தவளைத் தொட்டி இருந்த இடத்தில் மீன்கடை இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் போகவில்லை.

பேக்கரி இருந்த இடத்தில் ஒரு பேக்கரியே இருந்தது, சீனப் பேக்கரி. உள்ளே போனேன். கல்லாவில் நின்ற பெண்ணிடம், "முந்தி இஞ்சை நோர்வேக்காரரின் பேக்கரி இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நீங்கள் எந்த நாடு?"

"நோர்வே."

அவள் என் நிறத்தைப் பார்த்தாள், பிறகு மெற்றில்டாவின் சேலையைப் பார்த்தாள். "இந்தத் தெருவில இருந்தனீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அந்தப் பாலம் கட்ட முந்தி" என்று வந்துவிட்டது.

அந்தப் பாலத்துக்கு என்ன வயது என்று அவளுக்குத் தெரியும் போல. என் முகத்தைத் திரும்பவும் பார்த்துவிட்டு, "உங்கட வயதுக்கு நல்லா இருக்கிறியள்" என்றாள். அன்ரன் வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். பன்றியிறைச்சி வைத்த பணிஸ் வாங்கினேன். நல்ல ருசி. ஏலக்காய் மட்டும் இல்லை.

வீட்டையும் தேடினேன். கல்படி வைத்த செங்கல் வீடுகள் வரிசையாக ஒன்றுபோல நின்றன, எது ஆர்னெயின் வீடு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் படம் எடுத்தேன். ஒரு படியில் சீனக் கிழவர் ஒருவர் பனியனோடு இருந்து வெயில் காய்ந்தார். கைகாட்டினார், அவரையும் எடுத்தேன்.

திரும்பி வந்தபோது ஆர்னெயின் வீட்டில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மாரிட் அவற்றுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை நீட்டினேன். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சீன எழுத்து, கீரை, தவளை, பனியன் கிழவர். நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"நீ பிழையான ஊருக்குப் போயிட்டு வந்திருக்கிறாய்."

அதுதான் அந்தத் தெரு என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குக்கூட வழி தெரியாமப் போச்சே" என்று என்மேல் இரக்கப்பட்டார். ஒரேயொரு சாமான் கேட்டவர், அதையும் நான் ஒழுங்காகக் கொண்டுவரவில்லை. மாரிட் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள், பாவம் அப்பா, விட்டுவிடுங்கள் என்பது மாதிரி. அந்தத் தோள்குலுக்கலைத்தான் அவர் துரொண்ட்ஹெய்மில் காணப் பயந்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"மாரிட், இரு" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். "படகுத்துறையில இருந்து மேலை ஏறி வா" என்று தொடங்கினேன். பாலம் இல்லாத அந்தக் கடல், இடப்பக்கப் பேக்கரி, மீன் உருண்டை, நோர்வேயின் தேசிய நாளான மே பதினேழில் நோர்வேக் கொடி பிடித்துக்கொண்டு வாத்தியத்தோடு போகும் ஊர்வலம், இங்கிலீஷ் படிக்காத தாயார். நான் பஸ் ஓட்டுகிற மாதிரி ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஆர்னெ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். மாரிட் கையில் ஒட்டுநாடாவோடு அப்படியே இருந்தாள். "இவ்வளவும் உண்மையா?" என்று என்னைத்தான் கேட்டாள். தகப்பன் கண்ணைத் திறக்காமல், "அவன் சொல்லுறான் தானே" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையால் வந்ததும் துரொண்ட்ஹெய்முக்குப் போன் எடுக்கிறேன். தாதி போனைச் சத்தமாக்கி மேசையில் வைப்பாளாம். மற்றக் கிழவர்களும் கோப்பியோடு வந்து சுற்றி இருப்பார்களாம். ஆர்னெயை அங்கே எல்லோரும் நம்புகிறார்கள், சாட்சிக்கு நான் இருக்கிறேன். நாளாக நாளாக நானும் அந்தத் தெருப் பையன்களில் ஒருவன் என்று அவர் நினைக்கத் தொடங்கிவிட்டார், நானும் மறுக்கவில்லை. "நற்கருணை வாங்கின வாய் இன்னும் காயேல்லை, அதுக்குள்ளை பொய்" என்பாள் மெற்றில்டா, வெங்காயம் உரித்தபடி.

போன ஞாயிறு ஆர்னெ கேட்டார், "நீ எந்தக் கப்பலில நோர்வேக்கு வந்தனீ?"

நான் கொழும்பில் விமானம் ஏறி, மொஸ்கோவில் ஒரு இரவு முழுக்க விமான நிலைய வாங்கில் நித்திரை கொண்டு வந்தவன். "உங்கட கப்பலிலதான்" என்றேன். மெற்றில்டா கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன்னை வழியனுப்ப ஆர் வந்தது?"

இதற்குப் பொய் தயாராக இருக்கவில்லை. "அம்மா வந்தவ" என்றேன்.

"அழுதவவோ?"

"இல்லை. அழுதா நான் ஏறமாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும்."

இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு இங்கே விசா கிடைத்து ஊருக்குப் போக வழி வரும் முன்னரே அம்மா கண்ணை மூடிவிட்டா. மெற்றில்டா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"பிறகு அவ இஞ்சை வந்தவவோ?" என்று கேட்டார் ஆர்னெ.

"இல்லை."

துரொண்ட்ஹெய்மில் யாரோ கோப்பையில் கரண்டி போட்டுக் கலக்குவது கேட்டது. பிறகு ஆர்னெ என்னை ஏசத் தொடங்கினார். "அப்ப அவ இன்னும் புரூக்ளினிலதானே இருக்கிறா. நீ அவ்வளவு தூரம் போய் பேக்கரியைப் பாத்தாய், வீட்டுப் படியைப் பாத்தாய். அம்மாவைப் பாக்காமல் வந்திட்டியே, சேவியர்."

அடுத்தமுறை போனால் பார்க்கிறேன் என்று சொன்னேன்.