வாய்க்குத் தகுந்த உருண்டை

இது நடந்தது. எனக்கு நடந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே பாதியில் எழுந்து போயிருப்பேன். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ரகம் நான். சந்தேகம் இருப்பவர்கள் என் கடைக்கு வரலாம். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் தட்டு மாதிரி வட்டமாக ஒரு மீன் நிற்கும். பெயர் பெரியவர். நான் சொல்லப் போகும் விஷயத்துக்கு அவர்தான் சாட்சி. வாயைத் திறந்து திறந்து மூடுவார், ஆனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நான் வண்ணமீன் விற்கிறவள். விற்பதோடு நோயும் பார்ப்பேன். பிளாஸ்டிக் பையில் மீனைக் கொண்டு வருவார்கள். செவுளைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்து, இது பூச்சி, இது பூஞ்சை, இது உங்கள் சோம்பேறித்தனம் என்று சொல்லி அனுப்புவேன். தெருவில் எனக்கு மீன் டாக்டரம்மா என்று பட்டப்பெயர். கேலிதான். மீன் சாகும்போது கேலி செய்தவர்தான் முதலில் ஓடி வருவார்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் ஒரு மீன் பைத்தியம். ஜன்னல் இல்லாத உள்ளறையில், சுவரை அடைத்து ஒரு பெரிய தொட்டி. அதில் ஒரு டஜன் டிஸ்கஸ் மீன்கள், எல்லாம் தட்டு மாதிரி வட்டம். பெரியவரும் அதில் ஒருவர். கடைத் தீனியைத் தொடவே மாட்டார். இதயக் கறியும் இறாலும் பூண்டும் சேர்த்து அவரே பச்சையாக அரைப்பார். அக்காவோ முட்டை உடைத்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவள். அதனால் மீன் தீனிக்கென்று உள்ளறையில் தனி ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் அவர்கள் கல்யாணம் ஒரு வருஷம்கூடத் தாங்கியிருக்காது என்று நான் கிண்டல் செய்வேன்.

தினமும் ஒன்பது மணிக்கு டைமர் தொட்டி விளக்கை அணைக்கும். சின்ன நீல விளக்கு மட்டும் எரியும். அப்போதுதான் அத்தானின் கடைசி வேளைத் தீனி. மோதிரத்தால் கண்ணாடியின் இடது மூலையில் மூன்று தட்டு. மீன்கள் ஓடி வரும். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு, ஒவ்வொன்றுக்கும் உருட்டி ஊட்டுவார். "வாய்க்குத் தகுந்த உருண்டை கொடுக்கணும். பெரிசா கொடுத்தா துப்பிடும், சின்னதா கொடுத்தா ஏங்கிடும்" என்பார். தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புகிறவர் ஆதலால், கையை விட்டதும் தண்ணீர் ஏறித் தரையில் வழியும். துடைப்பது அக்கா. திட்டுவதும் அக்கா.

தீனி போடும்போதுதான் அவருக்கு இதயம் நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, தொட்டி விளிம்பில் தலை சாய்ந்து, கை தண்ணீருக்குள். அக்கா பார்த்தபோது மீன்கள் அவர் விரல்களைக் கொத்திக்கொண்டிருந்தன.

மிச்சமிருந்த தீனியை நானே குழி தோண்டிப் புதைத்தேன். ஃபிரிட்ஜைக் கழுவித் திறந்து போட்டேன். மோதிரம் அக்காவின் கழுத்துச் சங்கிலியில் ஏறியது. மீன்களுக்குக் கடைத் தீனி பழக்கினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பிறகு மீன்கள் சாக ஆரம்பித்தன.

ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. முதலில் உடம்பு கறுக்கும். பிறகு கூட்டத்தை விட்டு விலகி இடது மூலையில் போய் நிற்கும். காலையில் வயிறு வீங்கி மிதக்கும். அக்கா போன் செய்வாள். "இன்னைக்கும் ஒண்ணு போயிடுச்சுடி. அவர் எனக்குன்னு விட்டுட்டுப் போனது இதுங்கதான். இதுங்களும் போயிட்டா நான் எதுக்கு இருக்கணும்?"

மூட்டை கட்டிக்கொண்டு அவள் வீட்டிலேயே போய்த் தங்கினேன். எனக்கு மீனைவிட அவளைப் பற்றித்தான் பயம். ஆள் பாதியாகியிருந்தாள். முகம் கறுத்துக் கிடந்தது. நான் சமைத்துத் தட்டில் போட்டால் இரண்டு பருக்கையைத் தொட்டுவிட்டுத் தள்ளி வைப்பாள்.

"சாப்பிடுக்கா."

"வேணாம்டி. வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கு."

துக்கத்தில் சோறு இறங்காதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். அம்மோனியா இல்லை. அமிலத்தன்மை, சூடு எல்லாம் சரி. செவுளில் பூச்சி இல்லை, தோலில் பூஞ்சை இல்லை. ஹீட்டரில் மின்கசிவு இல்லை. உப்புப் போட்டேன், சூட்டை ஏற்றினேன், தெரிந்த மருந்தெல்லாம் கலந்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் மைக்ரோஸ்கோப்பைக் குனிந்து பார்த்ததெல்லாம் எதற்கு என்று குளியலறைக்குள் போய் அழுதேன்.

கடைசியில் மீன் வைத்தியத்தின் முதல் பாடத்துக்கே வந்தேன். காரணம் தெரியவில்லையா, தீனியை நிறுத்து. பட்டினியால் செத்த மீனைவிடத் தின்று செத்த மீன்தான் அதிகம். எல்லாரையும் பட்டினி போட்டேன்.

சாவு இன்னும் வேகமாக விழுந்தது.

ஒரு விஷயம் மட்டும் கண்ணை உறுத்தியது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் பாசி மேயும் கறுப்பு மீன் ஒன்று அதே தொட்டியில் இருந்தது. அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, காலையில் இடது மூலைக்குக் கீழே தரை ஈரமாக இருக்கும். கண்ணாடி இணைப்பு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை.

பெரியவரையும் இன்னொன்றையும் தவிர எல்லாம் போன பிறகு, அந்த இன்னொன்றும் செத்தது. அதை அறுத்துப் பார்த்தேன். நாலு நாள் பட்டினி கிடந்த மீன். குடல் காலியாக, காற்றுப் போன பலூன் மாதிரி இருக்க வேண்டும்.

வயிறு முட்ட இருந்தது.

கத்தி பட்டதும் கருஞ்சிவப்பாக வெளியே வந்தது. பட்டாணி அளவு உருண்டைகள். அரைத்த கறி. கொஞ்சம்கூட ஜீரணமாகவில்லை. குப்பென்று பூண்டு வாசனை...

அக்காவிடம் போய்க் கத்தினேன். "நீதான் எனக்குத் தெரியாம போடறியா?"

"என்னத்தைடி?"

"கறித் தீனி. வயித்துல அப்படியே இருக்கு."

"உனக்குக் கிறுக்கா? நான் போய்க் கறியைத் தொடுவேனா?" அவள் கண் கலங்கியது. "அதுங்களைக் கொன்னுட்டு நான் என்னடி பண்ணப் போறேன்?"

அவள் பொய் சொல்லவில்லை. தூக்கத்தில் எழுந்து நடக்கிறாளோ என்று சந்தேகம். ஆனால் தீனிக்கு எங்கே போவாள்? அந்த ஃபிரிட்ஜ் காலியாகத்தான் கிடந்தது, பிளக்கைக்கூடப் போடவில்லை.

அன்று இரவு அவளைப் படுக்க வைத்து, படுக்கையறையை வெளியில் தாழிட்டேன். உள்ளறைக்குள் போய் அந்தக் கதவையும் உள்பக்கம் தாழிட்டேன். என் சட்டைப் பையில் கடைத் தீனி டப்பா ஒன்று. பழக்கதோஷம், எப்போதும் இருக்கும். அத்தானின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மீன் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

ஒன்பது மணி. டைமர் 'க்ளிக்' என்றது. நீல விளக்கு மட்டும்.

பெரியவர் நடுவில் நின்றார். பாதி கறுத்திருந்தார். "நீயாவது இருய்யா" என்று கெஞ்சினேன். ஏர் பம்ப்பின் 'ர்ர்ர்' சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பது பத்து இருக்கும். பூண்டு வாசனை வந்தது.

முதலில் லேசாக. பிறகு பக்கத்தில் யாரோ அரைப்பது மாதிரி.

டக்... டக்... டக்.

மோதிரம் கண்ணாடியில் படும் சத்தம். இடது மூலை.

மோதிரம் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் கழுத்தில் இருக்கிறது.

பெரியவர் திரும்பினார். வாலை ஆட்டிக்கொண்டு மூலைக்கு ஓடினார். சின்னக் குட்டி மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீர் ஏறியது.

கண்ணெதிரே ஏறியது. மெதுவாக, ஒரு விரற்கடை. யாராவது முழங்கை வரை கையை விட்டால் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு. விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது.

சொட்... சொட்...

தண்ணீரில் கை இல்லை. ஒன்றுமே இல்லை.

பெரியவர் அண்ணாந்து வாயைத் திறந்தார். வெறும் தண்ணீரிலிருந்து எதையோ கவ்வினார். செவுள் ஓரமாக ஒரு சிவப்பு இழை வெளியே வந்தது.

இன்னொரு கவ்வல்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாசி மேயும் மீன் ஏன் சாகவில்லை? அதற்குப் பசியே இல்லை. பசித்த மீன்தான் தட்டினால் வரும். மிச்சமிருந்த மீன்களைப் பட்டினி போட்டு அந்த மூலைக்கு அனுப்பியது நான்.

டப்பாவைத் திறந்து வலது பக்கம் மொத்தத்தையும் கொட்டினேன். "இங்க வா! வாய்யா! இங்க!"

பெரியவர் நின்றார். மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

வந்தார். தின்றார்.

தண்ணீர் சரேலென்று இறங்கியது. கையை எடுத்த மாதிரி.

பூண்டு வாசனை போய்விட்டது. பம்ப்பின் சத்தம் மட்டும். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

டக்... டக்... டக்.

இந்த முறை கண்ணாடியில் இல்லை.

மரத்தில்.

சுவருக்கு அந்தப் பக்கம். அக்காவின் கட்டில்.

வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கு...

ஓடினேன். தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை. நகம் பிய்ந்தது. கதவு திறந்தது.

அக்கா மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. முகம் மட்டும் இடது பக்கம் திரும்பியிருந்தது.

அந்தப் பக்கம் மெத்தை ஓரம் குழிந்திருந்தது. யாரோ உட்கார்ந்த மாதிரி.

அவள் வாய் திறந்திருந்தது. அண்ணாந்து.

தொண்டை ஏறி இறங்கியது.

"அக்கா!"

பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொஞ்சலாக, செல்லமாக...

"போதும்ங்க. இதுக்கு மேல முடியாது."

அப்புறம் அவள் மூச்சு திணறியது.

எப்படித் தூக்கினேன், எப்படிக் காரில் போட்டேன் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஒன்றும் கேட்காது என்று தோன்றியபோது அத்தானையே கூப்பிட்டேன். "அவளை விட்டுடுங்க அத்தான். நான் பாத்துக்கறேன். பட்டினி போட மாட்டேன். சத்தியமா."

அக்கா பிழைத்துவிட்டாள்.

இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். பெரியவர் கடையில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் நானே வேளை தவறாமல் போடுகிறேன். ஒன்பது மணிக்கு முன்னால் அக்காவின் தட்டு காலியாக வேண்டும். "மாமியார்கூட என்னை இப்படி மிரட்டலடி" என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் சில நாள் மதியத்திலேயே சமையல்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்து, "பசிக்குதுடி" என்பாள். உலகத்தில் அதைவிட இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

அந்த ராத்திரி பற்றி அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நானும் சொல்லவில்லை. முக்கியமாக, ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றைக் கழுவிய டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதைச் சொல்லவில்லை.

"உங்க அக்கா அசைவமா?"

"முட்டைகூடச் சாப்பிட மாட்டாங்க."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"வயிறு பூரா அரைச்ச பச்சைக் கறிம்மா. பூண்டு வாசனை வேற. யாரோ ரொம்பப் பொறுமையா உருட்டி ஊட்டியிருக்காங்க. எல்லாம் ஒரே அளவு."

பட்டாணி அளவா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

"இல்லையே" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்த்துக் காட்டினார். ஒரு எலுமிச்சங்காய் அளவு.

ஒரு மனுஷி வாய்க்குச் சரியாக இருக்கும்.